ரீயூனியனில் மலோயாவும் கபாரும்: உள்ளூர் இசையைப் பின்தொடர விரும்பும் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுச்சேரி, காரைக்கால், தமிழ்நாடு, இலங்கை என்று வெவ்வேறு இடங்களிலிருந்து இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு வந்து வாழும் தமிழர்களுக்கு இங்குள்ள கோவில் மேளம் சீக்கிரமே பழகிவிடுகிறது. அடுத்த தெருவில் நள்ளிரவு வரை கேட்கும் மலோயா என்ற உள்ளூர் இசை பழகுவதற்கு மட்டும் வருடங்கள் ஆகின்றன. பெரிய நிறுவனங்களின் பின்பலம் இல்லாமல் சொந்தமாகப் பாட்டெழுதிப் பாடும் உள்ளூர்க் குழுக்களை எங்கே கேட்கலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும், அவர்களை எப்படி ஆதரிக்கலாம் என்று எங்களிடம் வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

மலோயாவும் சேகாவும் ஒன்றுதானா?

இல்லை. சேகாவில் ஐரோப்பிய நடனங்களின் சாயல் உண்டு. அக்கார்டியன், கிட்டார், பித்தளைக் குழல்கள் என்று வாத்தியக் குழுவோடு வரும். கல்யாண வீட்டிலும் வானொலியிலும் நீங்கள் கேட்டிருப்பது பெரும்பாலும் சேகாதான். மலோயா கரும்புத் தோட்ட அடிமைகளிடமும் அவர்களுக்குப் பின் வந்த கூலிகளிடமும் வளர்ந்தது. ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். தாளக் கருவிகளே அதன் உடம்பு.

1960களிலும் 70களிலும் இந்த இசையை அதிகாரிகள் ஒடுக்கினார்கள். 1959-இல் தொடங்கிய ரீயூனியன் கம்யூனிஸ்ட் கட்சியின் கூட்டங்களில் மலோயா ஒலித்ததும், அது தன்னாட்சிக் கோரிக்கையோடு சேர்ந்துகொண்டதும்தான் காரணம். 1981-க்குப் பிறகே தடையில்லாமல் மேடை ஏறியது. 2009-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இன்று ஐம்பது அறுபது வயதில் மேடையில் நிற்பவர்கள், அந்த ஒடுக்குமுறையைச் சிறு வயதில் பார்த்தவர்கள். ‘ஏன் இவ்வளவு கோபமாகப் பாடுகிறார்கள்’ என்று கேட்பதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

கருவிகளின் பெயர்கள் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கின்றனவே?

சில பெயர்கள் நம்முடையவைதான். இங்குள்ள மல்பார் கோவில்களில், அதாவது தமிழ் வழி வந்தவர்களின் கோவில்களில், மத்தளம் ‘மத்தலோன்’ ஆகியிருக்கிறது, தாளம் ‘தாலோன்’ ஆகியிருக்கிறது, உடுக்கை ‘உல்கே’ ஆகியிருக்கிறது. ‘சாத்தி’ என்ற பெயர் கோவில் பறைக்கும் உண்டு, மலோயாவுக்கும் உண்டு. ஆனால் மலோயாவின் சாத்தி ஒரு தட்டையான தகரப் பெட்டி. இரண்டு குச்சிகளால் அடிப்பார்கள்.

மற்றவை: ‘ரூலேர்’ மாட்டுத்தோல் கட்டிய பீப்பாய் முரசு. வாசிப்பவர் அதைக் கிடத்தி, குதிரையில் ஏறுவது போல் மேலே உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் அடிப்பார். குதிகாலைத் தோலில் அழுத்தி ஒலியைக் கூட்டிக் குறைப்பதைக் கவனியுங்கள். ‘பிகேர்’ தாங்கியில் வைத்துக் குச்சியால் தட்டும் மூங்கில். ‘போப்ர்’ சுரைக்குடுக்கை கட்டிய ஒற்றை நரம்பு வில். ‘கயம்ப்’ உள்ளே விதைகள் போட்டு ஆட்டி ஒலிக்கும் கருவி, அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

தாளம் பிடிபடவில்லை. எங்கே கை தட்டுவது?

திஸ்ர நடை தெரிந்தவர்களுக்கு இது எளிது. ஆறு எண்ணிக்கையை மனத்தில் ஓடவிடுங்கள். கயம்ப் அந்த ஆறையும் விடாமல் சலசலத்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் ரூலேர் சில நேரம் ‘தகிட தகிட’ என்று மூன்று மூன்றாகவும், சில நேரம் ‘தக தக தக’ என்று இரண்டு இரண்டாகவும் விழும். இந்த இரண்டுக்கும் நடுவே ஊசலாடுவதுதான் மலோயாவின் சுவை.

புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு, சினிமாப் பாட்டுக்குத் தட்டுவது போல் நான்காகத் தட்டுவது. இரண்டு சுற்றுக்குள் பக்கத்தில் இருப்பவரின் ஆட்டமும் குலைந்துவிடும். முதல் பாட்டு முழுக்கத் தட்டாமல், கயம்ப் பிடித்திருப்பவரின் கைகளை மட்டும் பாருங்கள். அவர் இடமும் வலமுமாக ஆட்டும் அந்த அசைவோடு உங்கள் இடுப்பு சேர்ந்துவிட்டால், கை தானாக வரும்.

கபார் என்றால் கச்சேரியா?

கச்சேரிக்கும் கூட்டுப் பாட்டுக்கும் நடுவில் இருப்பது. ஒரு வீட்டு முற்றம், கடற்கரை, தோட்டம், நகராட்சித் திடல், சின்ன மதுக்கடையின் பின்கட்டு எதுவாகவும் இருக்கலாம். இலவசமாக இருக்கலாம், தொப்பி சுற்றி வரலாம், வாசலில் சில யூரோ வாங்கலாம். பாட்டுக்கு நடுவே யாராவது ‘ஃபோன்கேர்’ சொல்வார்கள். அது கிரெயோலில், அதாவது இந்தத் தீவின் பேச்சு மொழியில், சொல்லும் கவிதை. அப்போது பேச்சை நிறுத்திவிடுங்கள், வேறு எதற்காக நிறுத்தாவிட்டாலும்.

கபாரில் முக்கியமானது பதில் பாட்டு. முன்பாடகர் ஒரு வரியை எடுத்துக்கொடுத்தால், சுற்றி நிற்பவர்கள் அதையோ அதற்கான பதிலையோ பாட வேண்டும். மொழி தெரியாதவர்கள்கூட மூன்றாவது தடவையில் அந்த நான்கைந்து சொற்களைப் பிடித்துவிடலாம். வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தால் பாட்டு மெலிந்துபோகும். பஜனை மடத்தில் பின்பாட்டுப் பாடியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த வேலை. எங்களைக் கேட்டால், இங்கே ரசிகர் என்று சொல்லிக்கொள்ள முதல் தகுதியே பின்பாட்டுப் பாடுவதுதான்.

ஆடுபவர்களுக்காக நடுவில் ஒரு வட்டம் விட்டிருப்பார்கள். ஆட வேண்டுமானால் உள்ளே போங்கள், ஆடி முடித்து வெளியே வாருங்கள். ஒருவரை ஒருவர் தொடாமல், எதிரெதிரே ஆடுவார்கள். வாத்தியக்காரர்களுக்கும் வட்டத்துக்கும் நடுவே குறுக்கே நடக்காதீர்கள். வெறுமனே கிடக்கிறதே என்று வாத்தியத்தைக் கையில் எடுக்காதீர்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

‘சேர்விஸ் கபாரே’வுக்கு அழைப்பில்லாமல் போகலாமா?

கூடாது. அது கச்சேரி இல்லை. மடகாஸ்கர், ஆப்பிரிக்க வழிவந்த குடும்பங்கள் முன்னோருக்குப் படையல் வைத்து இரவு முழுவதும் மலோயா பாடிச் செய்யும் வழிபாடு. நம் வீட்டில் முன்னோருக்குப் படைக்கும்போது தெரியாதவர் கைபேசியோடு நுழைந்தால் எப்படி இருக்கும்? இங்குள்ள மல்பார் குடும்பங்களில் அதற்கு ‘சம்பிளானி’ என்று பெயர், நம் சாம்பிராணிதான் அது. அதே மரியாதையை அங்கேயும் காட்டுங்கள். நண்பர் யாராவது அழைத்தால் என்ன கொண்டுவர வேண்டும், என்ன உடுத்த வேண்டும், எந்த உணவைத் தவிர்க்க வேண்டும் என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள். படம் எடுக்க வேண்டாம். பாதியில் கிளம்புவதும் நல்லதில்லை, விடியும் வரை இருக்க முடியும் என்றால் மட்டும் போங்கள்.

எந்த ஊரிலிருந்து தொடங்குவது? நான் சேன் தெனியில் இருக்கிறேன்.

தலைநகரில் இருப்பதால் எல்லாம் பக்கத்தில் என்று நினைக்காதீர்கள். தீவு முழுவதும் சேர்ந்துதான் ஒரு நகரத்தின் இசை வட்டாரம் அளவுக்கு வரும். சேன் தெனியில் சித்தே தெஸ் ஆர் வளாகத்தில் உள்ள பலக்சா அரங்கிலிருந்து தொடங்குங்கள். மேற்கே லெ போர் ஊரில் கபார்தோக், சேன் லோவில் லெ சேஷ்வார், கிழக்கே சேன் பெனுவாவில் பிசிக். இவை உள்ளூர்க் குழுக்களுக்குத் தொடர்ந்து மேடை தரும் அரங்குகள். சேன் பியேரின் கடற்கரைப் பக்கத்து மதுக்கடைகளில் வார இறுதியில் நேரடி இசை இருக்கும். தரம் ஏறி இறங்கும், ஆனால் புதிய குழுக்கள் பலவும் அங்கேதான் முதலில் பாடுகின்றன.

ஒரே அரங்கில் ஒரு பருவம் முழுக்கப் போய்ப் பாருங்கள். முன்வாசலில் டிக்கெட் கிழிப்பவர் உங்களை அடையாளம் காணத் தொடங்கும்போது, சுவரொட்டியில் வராத கபார்களின் செய்தியும் காதில் விழத் தொடங்கும்.

எந்த மாதங்கள் நல்லவை?

மே கடைசி, ஜூன் தொடக்கம் முதன்மையானது. அப்போது சேன் பியேரில் சகிஃபோ விழா நடக்கும். 2004-இல் சேன் லோவில் தொடங்கி, பிறகு இங்கே வந்தது. அதையொட்டி 2011 முதல் இயோமா என்ற இந்தியப் பெருங்கடல் இசைச் சந்தையும் கூடுகிறது. வெளிநாட்டு ஏற்பாட்டாளர்கள் கேட்க வருவதால் உள்ளூர்க் குழுக்கள் தங்கள் புதிய பாட்டுகளை அதில் வைப்பார்கள். சகிஃபோவின் காலை நிகழ்ச்சிக்கு ‘ரிசோஃபே’ என்று பெயர். முதல்நாள் சோற்றைக் காலையில் தாளித்துச் சாப்பிடுவதற்கு இங்கே சொல்லும் பெயர் அது. பழைய சோற்றின் அருமை தெரிந்தவர்கள் தவறவிடாதீர்கள்.

ஜூன் 21 பிரான்ஸ் முழுவதும் இசை நாள், தெருவெல்லாம் இலவசம். டிசம்பர் 20 மிகப் பெரிய நாள். 1848-இல் அடிமைமுறை ஒழிந்த தேதி, 1983 முதல் தீவுக்குப் பொது விடுமுறை. அன்றும் முந்தின இரவும் ஊருக்கு ஊர் கபார். ஜனவரியில் அரங்குகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

டிக்கெட் எப்படி வாங்குவது? எத்தனை மணிக்குப் போவது?

அரங்கின் சொந்தத் தளத்திலோ உள்ளூர் டிக்கெட் தளமான மோன்திக்கே மூலமோ முன்கூட்டி வாங்குங்கள். வாசலில் வாங்கினால் சில யூரோ கூடுதல். மாணவர், வேலை தேடுவோர் ஆகியோருக்கான சலுகை விலை பெரும்பாலும் உண்டு, சான்றிதழை எடுத்துச் செல்லுங்கள். ஒரே அரங்கில் வருடத்துக்கு நான்கைந்து நிகழ்ச்சி பார்ப்பவராக இருந்தால் சந்தா அட்டையின் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்ன இடங்களுக்குச் சில்லறைக் காசு கொண்டுபோங்கள். தொப்பி வரும்போது கையில் வங்கி அட்டை மட்டும் இருப்பது பலருக்கும் நடக்கிறது.

இரவு 8 மணி என்று போட்டிருந்தால் 8 மணிக்கே அங்கே இருங்கள். முதலில் அரை மணி நேரம் பாடுவது பெரும்பாலும் பெயர் தெரியாத ஓர் உள்ளூர்க் குழு. நண்பர்கள் 9 மணிக்கு வந்து ‘நல்ல இடம் பிடித்துவிட்டோம்’ என்பார்கள். அவர்கள் இழந்தது அந்த இரவின் பாதியை. வெறும் நாற்காலிகளுக்குப் பாடிய குழு அடுத்த வருடம் இருக்காமல் போகலாம்.

இரவில் எப்படித் திரும்புவது?

இதுதான் பலரை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறது. ஊர்களுக்கு இடையே ஓடும் கார் ழோன் பேருந்துகளை நம்பி இரவுக் கச்சேரிக்குப் போக முடியாது, போகும்போது கிடைக்கும் பேருந்து திரும்பும்போது இருக்காது. சேன் தெனிக்கும் சேன் பியேருக்கும் மேற்குக் கரை வழியாக ஏறத்தாழ 85 கிலோமீட்டர். 2009-இல் திறந்த தாமரேன் சாலையில் நள்ளிரவில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். மாலை 5 மணிக்குத் தலைநகரை விட்டுக் கிளம்பினால் அதே தூரம் இரண்டு மடங்கு நேரம் எடுக்கலாம். எனவே வேலை நாளில் தெற்குக்குப் போவதென்றால் 3 மணிக்கே கிளம்புங்கள், இல்லையென்றால் கிழக்கே பிசிக் போன்ற பக்கத்து அரங்கைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்று நான்கு பேர் ஒரு காரில் போய், ஓட்டுபவர் குடிக்காமல் இருப்பதே வழக்கம். இரத்த ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், புது உரிமம் வைத்திருப்பவர்களுக்கு 0.2 கிராம். அதாவது புதியவர்களுக்கு ஒரு கோப்பைகூடக் கணக்குத் தவறிவிடும்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா? காதுக்கு ஆபத்தில்லையா?

பகல் கபாருக்குத் தாராளமாக அழைத்துப் போங்கள். ஒலிபெருக்கி இல்லாத மலோயா குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஒலிபெருக்கி இருக்கும் இடத்துக்கு 2017-ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணை பொருந்தும். அதன்படி 15 நிமிடச் சராசரி 102 டெசிபல் (ஏ), 118 டெசிபல் (சி) ஆகியவற்றைத் தாண்டக் கூடாது. ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளில் வரம்பு 94, 104. காதடைப்பான் இலவசமாகத் தர வேண்டியது அரங்கின் கடமை, கூச்சப்படாமல் கேளுங்கள். குழந்தைக்கு அந்தப் பஞ்சு உருண்டை பொருந்தாது, காதை முழுதும் மூடும் கவசம் வாங்குங்கள்.

ஒலி நன்றாகக் கேட்க வேண்டுமானால் ஒலிப்பதிவாளரின் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் அந்த இடத்தில் நின்று கேட்டுத்தான் ஒலியைச் சரிசெய்கிறார். ஓரத்துச் சுவரோரம் ரூலேர் குழம்பிக் கேட்கும்.

கிரெயோல் புரியவில்லை. பாட்டின் பொருள் தெரியாமல் ரசிப்பது எப்படி?

பிரெஞ்சு தெரிந்தால் பாதி வழி வந்துவிட்டீர்கள். இசைவட்டுடன் வரும் தாளில் பல குழுக்கள் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு போடுகின்றன, போவதற்கு முன் வாசியுங்கள். கிரெயோலில் நம் சொற்களும் கலந்திருக்கின்றன. முருங்கைக் கீரைக்கு ‘பிரேத் முரூம்’, மசாலாக் கறிக்கு ‘மசாலே’. பாட்டில் அப்படி ஒன்று வந்தால் காது தானாக நிமிரும்.

யாரிடமிருந்து கேட்கத் தொடங்கலாம்?

மூத்தவர்களில் சேன் பெனுவாவின் கிராமூன் லேலே (1930–2004), சர்க்கரை ஆலைத் தொழிலாளியாக இருந்து பாடியவர். சேன் பியேரின் ஃபிர்மேன் விரி. அவர்களை அடுத்து 1955-இல் பிறந்த டனியேல் வாரோ. தன் கருவிகளைத் தானே செய்பவர், 2010-இல் உலக இசைச் சந்தையான வோமெக்ஸின் கலைஞர் விருது பெற்றவர். 1979-இல் தொடங்கிய ஜிஸ்ககான் குழுவின் பெயருக்கு ‘எதுவரை’ என்று பொருள். அதை நடத்தும் ழில்பேர் புனியா இந்திய இசையையும் மலோயாவையும் சேர்த்துப் பாடியவர், தமிழ்க் காதுக்கு நல்ல நுழைவாயில். அவருடைய மகள் மாயா கமாட்டி மின்னணு ஒலிகளோடு வேறு திசையில் போகிறார். கிறிஸ்தின் சலேம், லிந்திகோ, ஆன் ஓ’ஆரோ ஆகியோரை நேரில் கேளுங்கள், பதிவில் பாதிதான் வருகிறது. அலேன் பீட்டர்ஸ் (1952–1995) தனி உலகம். இரவில் தனியாக இருக்கும்போது கேளுங்கள்.

கயம்ப் வாங்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?

கரும்புப் பூவின் தண்டுகளை இரண்டு வரிசையாக அடுக்கி, மரச் சட்டத்தில் நூலால் கட்டி, நடுவே கல்வாழை விதைகளைப் போட்டதுதான் கயம்ப். கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். தண்டுகளுக்கு இடையே விதை நழுவும் அளவு இடைவெளி இருந்தால் வேண்டாம். மெல்ல இடப்பக்கம் சாயுங்கள், பிறகு வலப்பக்கம். இரண்டு பக்கமும் ஒரே நீளத்துக்கு ஒலி வர வேண்டும். ஒரு பக்கம் சீக்கிரம் நின்றுவிட்டால் உள்ளே விதை தேங்குகிறது என்று அர்த்தம். முகர்ந்து பாருங்கள், பூசண வாடை வந்தால் விதை காயாமலே போட்டிருக்கிறார்கள்.

இரண்டு கையாலும் படுக்கையாகப் பிடித்து, முறத்தில் அரிசி புடைக்கும் நிதானத்தோடு ஆட்ட வேண்டும். உதறினால் நடுத் தண்டுகள் முறியும். வெயிலில் நிறுத்திய காரில் விட்டால் தண்டு வறண்டு வெடிக்கும், குளியலறைச் சுவர் ஈரத்தில் மாட்டினால் விதை அழுகும். காற்றோட்டமான அறையில் ஆணியில் தொங்கவிடுங்கள். நினைவுப்பொருள் கடையில் கிடைக்கும் உள்ளங்கை அளவு கயம்ப் அலங்காரத்துக்கு மட்டுமே.

தீமிதிக்கு விரதம் இருக்கும் நாட்களில் கபாருக்குப் போகலாமா?

இங்கே அந்த விரதத்தைக் ‘கரேம்’ என்பார்கள். கபாரில் ஆட்டுக்கறி மசாலேயும் ரம்மும் இருக்கும் என்று எதிர்பாருங்கள். அரங்கக் கச்சேரிக்குப் போய்விட்டு எதையும் சாப்பிடாமல் திரும்பலாம், கபாரில் அது கடினம். வீட்டுப் பெரியவரையோ பூசாரியையோ கேட்டு முடிவு செய்யுங்கள். ‘கரேம்ல இருக்கேன்’ என்று சொன்னால் இங்கே யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

என் பணம் குழுவுக்குப் போய்ச் சேருமா? எப்படிக் கொடுத்தால் அதிக உதவி?

கச்சேரி முடிந்ததும் மேசையில் விற்கும் வட்டையோ சட்டையையோ நேரடியாக வாங்குவது மிகச் சுருக்கமான வழி. அடுத்தது, முறைப்படி கணக்கு வைக்கும் இடத்தில் டிக்கெட் வாங்குவது. பிரெஞ்சுச் சட்டப்படி ஒரு கலைஞர் 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்ததாகக் கணக்குக் காட்டினால்தான் வேலையில்லாக் கால உதவித்தொகை கிடைக்கும். ஒரு மேடைக் கூலி, அதாவது ஒரு ‘கஷே’, 12 மணி நேரமாகக் கணக்கிடப்படுகிறது. வருடத்துக்கு 43 கஷே வேண்டும். உறையில் வைத்து ரகசியமாகக் கொடுக்கும் பணம் அன்றைய செலவுக்கு ஆகும், அந்த 43-இல் சேராது.

எங்கள் சங்கத்தின் தமிழ்ப் புத்தாண்டு விழாவுக்கு ஒரு மலோயாக் குழுவை அழைக்கலாமா?

அழையுங்கள். குறைந்தது மூன்று மாதம் முன்பே எழுதுங்கள். முதல் கடிதத்திலேயே தேதி, இடம், பாடும் நேரம், கூட்டத்தின் அளவு, உங்களால் தரக்கூடிய தொகை இவற்றைச் சொல்லிவிடுங்கள். கோவில் வளாகம் என்றால் மது, மாமிசம் கிடையாது என்பதையும் அப்போதே சொல்லுங்கள், விழா அன்று சொல்வது அவர்களை அவமதிப்பதாகும்.

பணம் கொடுக்க இரண்டு வழி. குழுவுக்குச் சொந்தச் சங்கமோ தயாரிப்பாளரோ இருந்தால் அவர்களோடு ஒப்பந்தம் போட்டு, அவர்கள் தரும் ரசீதுக்குப் பணம் செலுத்துங்கள். இல்லையென்றால் கலைஞர்களை நீங்களே வேலைக்கு எடுப்பதாகும். அதற்கு குசோ என்ற ஒற்றைச் சாளர முறை இருக்கிறது. கலை நிகழ்ச்சி நடத்துவது முதன்மைத் தொழிலாக இல்லாத சங்கங்கள், உரிமம் இல்லாமல் வருடத்துக்கு ஆறு நிகழ்ச்சி வரை அதன் வழியே நடத்தலாம். சம்பளம், சமூகப் பாதுகாப்புத் தொகை எல்லாம் ஒரே படிவத்தில் முடியும். வேலைக்கு எடுக்கும் அறிவிப்பை நிகழ்ச்சிக்கு முன்பே அனுப்ப வேண்டும். பாடல் உரிமைத் தொகையை வசூலிக்கும் சாசெம் அமைப்பிடமும் முன்கூட்டித் தெரிவியுங்கள், கட்டணம் குறையும். பாடிய பாட்டுகளின் பட்டியலை நிகழ்ச்சிக்குப் பின் அனுப்ப மறந்தால், நீங்கள் கட்டிய பணம் அந்தப் பாட்டை எழுதியவருக்குப் போய்ச் சேராது.

மேடை ஏழெட்டுப் பேருக்கு 6 மீட்டருக்கு 4 மீட்டர், மேலே நிழல். வெயிலில் தோல் இறுகி ரூலேரின் சுருதி ஏறிவிடும், மழைச் சாரலில் தளர்ந்துவிடும். உள்ளே காலியாக இருக்கும் பலகை மேடையில் ரூலேரை நேரே வைத்தால் மேடையே அதிர்ந்து முழங்கும், அடியில் தடித்த கம்பளம் போடுங்கள். கயம்பின் ஒலி மெல்லியது. அதற்காக ஒலிவாங்கியை அதிகம் திறந்தால் கீச்சென்று ஊளையிடும், ஒலிவாங்கியை ஒரு முழம் தூரத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

புயல் எச்சரிக்கை வந்தால் டிக்கெட் பணம் என்ன ஆகும்?

மஞ்சள் கட்டத்தில் பெரும்பாலும் நிகழ்ச்சி நடக்கும், ஆனால் திறந்தவெளி என்றால் காலையிலேயே ஏற்பாட்டாளரின் பக்கத்தைப் பாருங்கள். ஆரஞ்சு வந்தால் பள்ளிகள் மூடப்படும், கச்சேரியும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, ஊதா கட்டங்களில் வெளியே போவதே தடை. ரத்தானால் பணம் திரும்ப வரும், தள்ளிவைத்தால் அதே டிக்கெட் செல்லும். தள்ளிவைத்த தேதி உங்களுக்கு ஒத்துவராவிட்டால் திருப்பிக் கேட்பதற்குக் குறிப்பிட்ட நாட்கள் கொடுப்பார்கள். அந்த மின்னஞ்சலைத் திறக்காமல் விடாதீர்கள்.